கையில் வாங்காத கத்தி

எங்கள் மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறாள். அவனுடைய தாய் எங்களை முதன்முதலாகச் சந்திக்கக் கூப்பிட்ட இடம் கோவிலுமல்ல, ஹோட்டலுமல்ல. ஒரு மியூசியம். அதுவும் பழங்காலத்துக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் பார்க்க! இதற்காகவா நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு லண்டன் ஹரோவில் ரயில் ஏறினேன்?

"அம்மா, ப்ளீஸ். அவ கொஞ்சம் சென்சிட்டிவ். ஒண்டும் வித்தியாசமாச் செய்துபோடாதேங்கோ" என்று காலையிலேயே மகள் போனில் கெஞ்சினாள். மாமியாரின் மனம் முறிந்தால் நாளைக்கு அனுபவிக்கப்போவது அவள்தானே.

சம்பந்தி உயரமான மனுசி, சிரிப்பதற்கு முன் ஒருதரம் யோசிப்பவர். எங்களைக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு கத்தியின் பிடி யானைத் தந்தம். அதன் நுனியில் கிரீடம் வைத்த ராசாவின் தலை. ராசாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எப்படித்தான் இறைச்சி வெட்டினார்களோ! பக்கத்தில் ஒரு சோடிச் சின்னக் கத்திகள். அந்தக் காலத்து மணப்பெண்களுக்கு இப்படிச் சோடியாகப் பரிசு கொடுப்பார்களாம், அவர்கள் உறையோடு இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்களாம்.

"இஞ்சேரும், உம்மட வாய் இருக்கேக்கை உமக்குக் கத்தி தேவைப்பட்டிராது" என்று என் மனுசன் காதுக்குள் சொன்னார்.

"வீட்டை வாங்கோ, பாப்பம்" என்றேன், சிரித்த முகம் மாறாமல்.

சம்பந்தியும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் கத்தியின் அழகைப் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார், பாவம்.

பிறகு சட்டனில் உள்ள அவருடைய வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். சாப்பாடு முடிந்ததும் ஒரு வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே ஒரு பழைய கத்தி. முத்துச்சிப்பிப் பிடியில் கொடியும் பூவும் செதுக்கியிருந்தது. "எங்கள் குடும்பத்துக்கு வரும் மணப்பெண்ணுக்கு உரியது, மகளுக்கு நீங்களே கொடுங்கள்" என்று சொல்லி, அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

என் கை தன்பாட்டில் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எங்கள் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். ஒருவர் கீழே வைக்க, மற்றவர் எடுக்கவேண்டும். இத்தனை வருசம் லண்டனில் இருந்தும் வெங்காயம் வெட்டுகிற கத்திக்குக்கூட எனக்கு அதுதான் சட்டம். அவருக்கு அது எப்படித் தெரியும்? நீட்டிய கை அப்படியே நின்றது. முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு விருப்பமில்லையா?" என்று கேட்டார்.

ஐயோ, எல்லாம் கெட்டுது! மனுசன் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி தேவைப்படும்போதெல்லாம் அவர் பார்ப்பது முகட்டைத்தான். நானே தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். கையில் தந்தால் நீங்களும் நானும் சண்டை பிடிப்போம். மேசையில் வையுங்கள், சந்தோசமாக எடுக்கிறேன்.

அவர் கத்தியைப் பார்த்தார்.

"என் மாமியார் இதை என் கையில்தான் தந்தார்" என்றார். "சாகும்வரை அவர் என்னோடு நல்லதாக ஒரு வார்த்தை பேசவில்லை."

கத்தியை மெதுவாக மேசையில் வைத்தார். இரண்டு கைகளையும் இழுத்துக்கொண்டார். அதுவும் போதாதென்று கதிரையையும் பின்னுக்குத் தள்ளினார்.

"எடுங்கள்" என்றார். "உங்கள் மகள் என்னோடு பேசவேண்டும்."