இரண்டு ரிங்

இரத்தோட்டைக்கு மேலே, தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த செல்லச்சாமி மாஸ்டருக்கு வானத்துச் சங்கதி என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒரே மகள் சிவகாமியைப் புலிகள் வசமிருந்த கிளிநொச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார். 2006 ஓகஸ்டில் சண்டை மூண்டு அங்கே போகும் பாதையைப் பூட்டினார்கள். கிளிநொச்சியிலிருந்து போன் வருகிறதென்று யாரோ கோள்மூட்ட, பொலிஸ் வீட்டுக்கே வந்து விசாரித்தது. மனுஷர் ஆடிப்போனார்.

"இனிமே பேச வேணாம்மா. ஞாயித்துக்கெழம காலயில ரெண்டு ரிங் குடுத்துட்டு வச்சிரு. நல்லா இருக்கேன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம்" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

வேலம்மா புருஷனோடு சண்டை பிடித்தாள். "புள்ள கொரலக் கேக்காம என்னாங்க ரிங்கு?"

மாஸ்டர் செவ்வாய்க் கிரகத்தை இழுத்தார். அதைச் சுற்றும் விண்கலம் தன் அன்டெனாவைப் பூமிக்கு நேரே திருப்பித்தான் படங்களை அனுப்பும். கிரகத்தின் முதுகுப்பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். வெளியே வந்ததும் திரும்பத் தொடங்கும். கோளாறு என்றால் படம் கிடம் ஒன்றும் வராது, வெறும் ரேடியோ அலை மட்டும் வரும்.

"அது போதும் வேலம்மா. உசிரோட இருக்குன்னு அர்த்தம்."

அவளும் நம்பினாள். பாவி மனுஷர் தானும் நம்பினார்.

நவம்பரில் பத்திரிகையில் செய்தி வந்தது. செவ்வாயைப் பல வருஷமாய்ச் சுற்றிய அமெரிக்க விண்கலம் ஒன்று திடீரென்று வாய்மூடிவிட்டதாம். பிறகு மெல்லிய அலையொன்று வந்தது. அதில் ஒரு தகவலும் இல்லை. அப்புறம் அதுவும் இல்லை. விஞ்ஞானிகள் பெரிய பெரிய டிஷ்களை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மாஸ்டர் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். உள்ளே என்ன நடக்கிறதென்று வெறும் அலை சொல்லாதே!

அடுத்த ஞாயிறு முதல் ரிங்கிலேயே ரிசீவரை எடுத்துவிட்டார்.

"சிவகாமி?"

மறுமுனையில் மருமகன்.

"ஏன் மாமா எடுத்தீங்க?" என்று அழுதான். செப்டம்பரிலேயே ஷெல் விழுந்து சிவகாமி போய்விட்டாளாம். சொல்ல வாய் வராமல், ஞாயிறுதோறும் அவனே ரிங் கொடுத்து வந்திருக்கிறான். மாஸ்டர் ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"வந்துருச்சாங்க?" குசினியிலிருந்து வேலம்மா கேட்டாள். "ஒரு ரிங்குதானே கேட்டிச்சு?"

"ரெண்டும் வந்துச்சு. ஒனக்குத்தான் காது மந்தம்."

"புள்ள நல்லா இருந்தாச் சரி" என்று அவள் தேங்காய் துருவத் தொடங்கினாள்.

மாஸ்டர் ரிசீவரை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அடுத்த ஞாயித்துக்கெழமயும் ரெண்டு ரிங் அடிங்க மாப்பிள. மறந்துறாதீங்க."