வீட்டின் முன்பக்கத்தில் காட்ஸ்

அத்தானின் படகு கரைக்கு வராத அன்று, அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் தனியாகத்தான் போயிருந்தார். வழக்கமாகக் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். எங்கள் மயிலிட்டிக் கரையிலிருந்து போன மற்றப் படகுகள் எல்லாம் விடியவே திரும்பிவிட்டன. காற்று மாறிவிட்டது, வலையைக்கூட முழுதாக இழுக்கவில்லை என்றார்கள். அத்தானின் போனுக்கு எடுத்தால் பதில் இல்லை. அக்கா தன்னுடைய போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய துன்பம். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. அப்பா எப்ப வருவார் என்று ஒரு தடவை கேட்டால், போனைத் தாங்கோ என்று பத்துத் தடவை கேட்டார்கள். அக்கா அடித்துவிடுவாள் போலிருந்தது. நான் அலுமாரியைக் கிளறி அத்தானின் காட்ஸ் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு, இருவரையும் முன் விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எனக்குப் பிள்ளைகளோடு மினக்கெடும் பொறுமை கிடையாது. ஆனால் காட்ஸ் தெரியும். இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன தெரியும்? பெட்டைக்கு என்ன காட்ஸ் என்று அண்ணன்மார் துரத்தத் துரத்த, அவர்களின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பழகியது. முந்நூற்றிநாலு என்ற ஆட்டம் இந்த வயதுக்கு ஏறாது என்பதால் கழுதை ஆட்டத்தில் தொடங்கினேன். எல்லாத் தாளையும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் ஸ்கோப்பன் இனத் தாளை இறக்கினால் மற்றவர்களும் ஸ்கோப்பன்தான் போட வேண்டும். இல்லாதவர் வேறொன்றைப் போட்டு வெட்டுவார். அப்போது விழுந்து கிடப்பதில் பெரிய தாள் யாருடையதோ அவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். கை காலியானவர் தப்பினார். கடைசி வரை தாளோடு இருப்பவர் கழுதை.

சின்னவனின் கைக்குள் தாள்கள் அடங்கவில்லை. தூக்கிப் பிடித்தால் சரிந்து கொட்டின. கடைசியில் அவற்றை முதுகுக்குப் பின்னால் நிலத்தில் பரப்பி வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து எடுத்தான். அவன் அள்ள வேண்டி வந்தபோது பெரியவள், "பாவம் சித்தி, நான் அள்ளுறன்" என்றாள்.

"பாவம் பாத்தா நீதான் கழுதை."

"பரவாயில்லை."

எனக்கு எரிச்சல் வந்தது. அத்தானும் இப்படித்தான். காய்ச்சல்காரனை எழுப்ப மனம் வராமல் தனியாகக் கடலுக்குப் போன மனிதர்.

எங்கள் கரையில் ஒரு வீட்டின் முன்பக்கத்தில் பகலில் ஆட்கள் கூடிக் காட்ஸ் விளையாடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், செத்தவீடு. பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு, பிரேதம் எடுக்கும்வரை ஆண்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். துக்க வீட்டைத் தனியே விடக் கூடாதல்லவா. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று மூளை வேலை செய்யவில்லை. பிள்ளைகளின் வாயை அடைத்தால் போதும் என்றிருந்தது.

விசாரிக்க வந்த ஊரவர்கள் சிலர் முற்றத்தில் கதிரைகளில் இருந்தார்கள். ஒருவர் சின்னவனுக்குப் பின்னால் வந்து குந்தி, எந்தத் தாளைப் போடலாம் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி படலையைத் திறந்தார். கதிரைகள், ஆண்கள், காட்ஸ். மனுசி வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "ஐயோ என்ரை பிள்ளை, உன்னைத் தனிய விட்டிட்டுப் போட்டானே" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

அக்கா குசினியிலிருந்து ஓடி வந்தாள். மாமியைப் பார்த்தாள். பிறகு பாயில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"ஆர் செத்தது இஞ்சை?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

"கேக்கிறன், ஆர் செத்தது? என்ரை மனிசன் தொழிலுக்குப் போயிருக்கிறார். வருவார். அவர் வாற வரைக்கும் இந்த வீட்டு வாசலிலை ஆரும் காட்ஸைத் தொடக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்குமா விசர்?"

மாமி குனிந்த தலை நிமிராமல் போனார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. என் மேல் வந்திருக்க வேண்டிய கோபம். ஆனால் அவர்தான் கைக்கு அகப்பட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் கிணற்றடிக்கு மாறினோம். வாழைகளின் மறைவில் பாயை விரித்தோம். முன்பக்கத்தில் ஆண்கள் வந்து இருந்தார்கள், எழுந்து போனார்கள், திரும்பி வந்தார்கள். கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் நேவிக்கும் அறிவித்தாயிற்று. இந்தியக் கரைக்கு இழுபட்டிருக்கும் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். காற்று கொண்டுபோன படகுகள் அப்படித் திரும்பி வந்ததும் உண்டு. அக்கா அந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். யாரும் காட்ஸைத் தொடவில்லை. கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"முன்னுக்கு இருந்து ஏன் விளையாடக் கூடாது?" என்று பெரியவள் கேட்டாள்.

"அப்பா வந்தாப் பிறகு விளையாடலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அத்தானை நினைத்து மட்டுமல்ல. அவர் வராவிட்டால், வாசலில் நின்று அப்படிக் கேட்ட அக்காவிடம் எந்த முகத்தோடு போய் யார் சொல்வது என்றும் பயம்.

அடுத்த நாள் மத்தியானம், தண்ணீர் குடிக்க உள்ளே போன பெரியவள் கிணற்றடிக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சித்தி, எழும்புங்கோ. முன்னுக்கு மாமாக்கள் காட்ஸ் விளையாடுகினம்."

"அம்மா காணேல்லையோ?"

"கண்டவா. கதவடியிலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா. ஒண்டும் சொல்லேல்லை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அப்பா வாறார் போல."

கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. பருத்தித்துறைப் பக்கம் அத்தானின் உடல் கரையொதுங்கிய செய்தி கொஞ்சம் முன்னரே அவர்களுக்கு வந்துவிட்டதாம். அதைப் பிறகுதான் அறிந்தேன். அக்காவிடம் யார் சொல்வது என்று ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதற்குள் ஒருவர் பழக்கதோஷத்தில் சேட்டுப் பையிலிருந்த காட்ஸ் கட்டை எடுத்துக் குலுக்க, மற்றவர்களும் கதிரைகளை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்று ஒருவரும் செய்யவில்லை. அதற்கு மேல் அக்காவுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சின்னவன் எழுந்து ஓடப் பார்த்தான். இரண்டு பேரின் கையையும் பிடித்து இருத்தினேன்.

"முதல் இந்த ஆட்டம் முடியட்டும்."

"முடிஞ்சாப் போவமோ?"

"ஓம்."

தாளைப் பிரித்துப் போட்டேன். முடியக் கூடாது என்று விளையாடினேன். பெரியவள் தப்பப் போகிற ஒவ்வொரு தடவையும் வெட்டி, அவளை அள்ள வைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னுக்குப் போக வேண்டும், அவளுக்கு அவசரம்.

"இது அநியாயம் சித்தி," என்றாள். "என்னைத் தப்ப விடுறியள் இல்லை."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, முன்பக்கத்தில் அக்கா ஒப்பாரி வைக்கும் குரல் கேட்டது.