நாஜியா நம்பர் சொல்ல மறந்த நாள்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில் காது பரிசோதனை நிலையம் திறந்து முக்கால் வருஷம் ஆகியும் நாஜியா ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஊரில் காது மந்தமானவர்கள் இல்லாமல் இல்லை. சுற்றிலும் நூற்பு மில்கள். அந்த இரைச்சலில் ஆயுசில் பாதியைக் கழித்தவர்கள் தெருத் தெருவாக இருக்கிறார்கள். ஆனால் 'காது' என்று போர்டு போட்ட படியில் ஏறுவதை நாலு பேர் பார்த்துவிட்டால், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது அது பேச்சாகிவிடுமாம். கண்ணுக்குக் கண்ணாடி போட இல்லாத வெட்கம் காதுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அவள் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதே வேலையை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். அம்மா அப்ரோஸ் பேகம் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்து காதைத் தொலைத்தவர். அவரை மாசாமாசம் மதுரைக்கு இழுத்தடிக்க மனமில்லாமல், வீட்டில் எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கடை போட்டாள். இப்போது அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் சம்பளம் நிச்சயம். ஆனால் போர்டைக் கழற்ற வேண்டும், வீட்டில் சொன்னவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும். அதை நினைத்தே பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அஃப்சல் நைட்டி மொத்த வியாபாரி. விற்காத சரக்கு என்று உலகத்தில் ஒன்று இருப்பதாகவே அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபின் என்ற பையன் 'நம்ம பக்கத்து ஆளுக' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறான், அதில் போய்ப் பேசினால் ஊரே திரண்டு வரும் என்று தங்கையைக் கிளப்பிக்கொண்டு போனான். பால்கோவா கடை ஒன்றின் மாடியில் ஒரு சின்ன அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. சத்தம் வரும் என்று ஜன்னலைச் சாத்தினால் வேர்த்து ஊற்றும், திறந்தால் கீழே கொதிக்கிற பால் வாசனையில் பேச்சு மறந்துபோகும்.

அங்கே நாஜியா பேசியது எல்லாம் அஃப்சல் பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொடுத்தது. எந்தக் கம்பெனி மெஷின், எவ்வளவு தள்ளுபடி, முதலில் வருகிறவர்களுக்கு டெஸ்ட் இலவசம். நடுநடுவே நம்பர். அவள் மறந்தால் அஃப்சல் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டினான். நைட்டியை விரித்துப் போட்டு விலையைக் கூவுகிற மாதிரி காதைக் கூவினார்கள் அண்ணனும் தங்கையும். ஜெபின் பாவம், கேட்க வைத்திருந்த கேள்விகளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பலன், வந்தவர் ஒரே ஒருவர். டெஸ்ட்டை முடித்துக்கொண்டு, வேறு என்ன இலவசம் என்று விசாரித்துவிட்டுப் போனார். நிகழ்ச்சியின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'டெஸ்ட்டு ஃப்ரீன்னு கூப்பிடுவாவ, போனா மெஷினைத் தலையில கட்டிருவாவ.' அதற்கு ஊரே கைதட்டியிருந்தது. நாஜியாவுக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை. அஃப்சலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏட்டி, காது கேக்காத ஆளுகளைப் பிடிக்க, காதால கேக்கிற நிகழ்ச்சிக்குப் போயிருக்கோமே" என்றான். அதற்குச் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் ஜெபினே போன் செய்தான். இன்னொரு தடவை வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, அன்னைக்கு நீங்க பேசவே இல்லியே. அண்ணன்தான் உங்க வாயால பேசுனாவ" என்றான். அவளுக்கு மறுபடியும் அந்த அறைக்குள் போய் உட்காரக் கூச்சம்தான். ஆனால் மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அஃப்சலுக்கு லோடு ஏற்றுகிற வேலை இருந்ததால் தனியாகவே பஸ் ஏறினாள்.

இந்த முறை ஜெபின் தாளைப் பார்த்துக் கேட்கவில்லை. அவனுடைய அம்மாவும் மில்லுக்குப் போகிறவர். வீட்டில் என்ன சொன்னாலும் காதில் வாங்குவதில்லை, இரண்டு தடவை சொன்னால் ஏன் கத்துகிறாய் என்று கோபித்துக்கொள்கிறார், வீட்டுக்குள் நுழைந்தாலே சண்டைதான் என்று தன் பாட்டைச் சொன்னான். நாஜியாவுக்குத் தன் வீடே கண்முன் வந்தது. மைக் இருப்பதையே மறந்துபோனாள்.

"மில்லுக்குள்ள உங்க அம்மா எப்படிப் பேசுவாவ தெரியுமா தம்பி? அந்த இரைச்சல்ல கத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. எதிர வந்து நின்னு, மூஞ்சியப் பாத்து, வாயசைச்சு, கையக் காட்டிப் பேசுவாவ. டீ குடிச்சாச்சா, மருமக எப்படி இருக்கா, அம்புட்டும் பேசிருவாவ. மில்லு கேட்டைத் தாண்டுனதும் அதை அங்கயே விட்டுட்டு வந்துருதாவ. நாம அடுப்படில நின்னுக்கிட்டு முதுகுக்குப் பின்னால கத்துதோம். கத்தாதிய. டிவிய அமத்திட்டு, வெளிச்சமா எதிர போய் நின்னு மெதுவாப் பேசுங்க. ரெண்டு நாள் செஞ்சு பாருங்க."

அப்படியானால் மெஷின் வேண்டாமா என்று ஜெபின் கேட்டான். சிலருக்கு வேண்டாம், சிலருக்கு வேண்டும், பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றாள். பிறகு தன் அம்மாவோடு சின்ன வயதில் போட்ட சண்டைகளைச் சொன்னாள். அம்மாவுக்குத் தன் மேல் பாசமில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். பேசி முடித்து, திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி வழியில்தான் கடைப் பெயரையும் நம்பரையும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அஃப்சல் தலையில் கை வைத்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் போய்விட்டு மொய் எழுதாமல் வந்த மாதிரி இருக்கிறது என்றான். நாஜியாவுக்கு ஏனோ அந்தத் திட்டு ஏறவில்லை. பேச வேண்டியதைப் பேசிவிட்டோம் என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

நிகழ்ச்சி வெளியான பிறகு ஜெபினுக்குத்தான் போன் மேல் போன். அந்த அக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், அவனும் இடத்தைச் சொன்னான். கேட்டவர்கள் யாரும் காது மந்தமானவர்கள் இல்லை, அவர்களோடு கத்திக் கத்தித் தொண்டை வற்றிய மனைவிமார்களும் பிள்ளைகளும். ஆனால் விசாரிப்பு வேறு, படியேறி வருவது வேறு. மாசத்தின் கடைசி நாளும் வந்துவிட்டது, படியில் யாரும் ஏறவில்லை. சாயங்காலத்துக்குள் மதுரைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பத்துப் பேராவது வந்தால் இருந்துவிடலாம் என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அது அடிபட்டுப் போனதாகவே நினைத்தாள்.

மத்தியானம் கடந்து செட்டியார்பட்டியிலிருந்து தங்கபாய் என்ற அம்மாள் தன் வீட்டுக்காரர் கருத்தையாவைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தார். கருத்தையா மில்லில் பஞ்சு உடைக்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். தங்கபாய் நைட்டி தைக்கிற யூனிட்டில் இருக்கிறார். அங்கே பெண்கள் போனில் எதையாவது ஓடவிட்டுக்கொண்டே தைப்பார்கள், அப்படித்தான் நாஜியா பேசியதைக் கேட்டாராம். வீட்டுக்குப் போய் டிவியை அமர்த்திவிட்டு எதிரே நின்று, சாப்பிட்டாச்சா என்று கேட்டாராம். மனுஷர் பதில் சொல்லிவிட்டாராம்.

"ஏழெட்டு வருசமா வீம்பு பிடிச்ச மனுசன்னு நெனச்சு நான் பேசுறதையே விட்டுட்டேன் தாயி. சோத்தை வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். அவிய காதுல விழலங்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லும்போதே தங்கபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன பேச்சு என்று புரியாமல் கருத்தையா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ட்டில் இரண்டு காதுக்குமே மெஷின் வேண்டும் என்று தெரிந்தது. நாஜியா அதை உள்ளபடி சொன்னாள். இன்றைக்கே வாங்க வேண்டாம், சோதனைக்கு வைத்திருப்பதை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும், யோசித்து வாருங்கள் என்றாள். கருத்தையாவுக்கு மாட்டியும் விட்டாள். தங்கபாய் விலை கேட்கவில்லை.

"மெஷின் இருக்கட்டும். நீ இங்கனயே இருப்பியா, அதைச் சொல்லு. எங்க பக்கத்து வீட்ல மதுரையில போய் வாங்கியாந்தாவ. செத்த சத்தம் கூட்டணும் குறைக்கணும்னாலும் மதுரைக்குப் போவணும். இப்ப அது டப்பாக்குள்ள கெடக்கு. நீயும் போயிருவேன்னா எங்களுக்கு வேண்டாம்."

நாஜியாவுக்குச் சுருக்கென்றது. ஆட்கள் வந்தால் இருக்கலாம் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்தால்தான் வருவோம் என்று ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊர்க்காரியாக இருந்துகொண்டு இத்தனை நாள் இது தெரியாமல் தள்ளுபடியும் நம்பரும் கூவியிருக்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. பத்துப் பேர் கணக்கை அந்த இடத்திலேயே விட்டாள்.

"செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மார்க்கெட் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. வெளியே பார்த்தபடி, அவர்களுக்குக் கேட்காமல் தாழ்ந்த குரலில், கூப்பிட்டதற்கு நன்றி, இனி வேலைக்கு வரவில்லை, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மதுரைக்குச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மாசக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. அப்படிச் சொல்லும்போது பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பயமே வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

கருத்தையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலன்னு சொன்னது கேட்டுச்சு தாயி" என்றார். "அப்ப எனக்கு மெஷினைப் போட்டுரு."