மாதிரிக்கு ஒரு மாடி

அரியலூரில் புதிதாகக் கட்டிய வணிக வளாகத்தைப் பராமரிக்கிற கம்பெனி, துப்புரவு காண்ட்ராக்ட் கொடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, பெரம்பலூரிலிருந்து நாங்கள் மூன்று பெண்கள் வாளி துடைப்பத்தோடு பஸ் ஏறினோம்.

"மொதல்ல மாதிரிக்கு ரெண்டாவது மாடியைக் கழுவிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

தரையெல்லாம் சிமெண்ட் படிந்து கிடந்தது. மத்தியானம்வரை சுரண்டிக் கழுவினோம். எட்டிப் பார்த்தவர், "சொல்லி அனுப்புறேன்" என்றதோடு சரி.

இறங்கும்போது, வாளியோடு வேறு சில பெண்கள் படியேறி வந்தார்கள். "எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"மூணாவது மாடிக்குங்க. மாதிரிக்குக் கழுவச் சொன்னாரு."

முதல் மாடி காலையிலேயே பளபளவென்று இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் போய், அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால், படியெல்லாம் எங்கள் ஈரக்கால் தடம் விழுந்திருந்தது. அதைப் பார்த்தால் காண்ட்ராக்ட் தரமாட்டாரே என்று, குனிந்து ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டே இறங்கினேன்.