சீனி சேர்த்த ஒயின்

கம்பத்தில் பிரெஞ்சு முறையில் ஒயின் செய்யும் சிறிய ஆலை என்னுடையது. சொந்த ஊரான கீழவைப்பாரில், கத்தோலிக்கக் கோயில் திருவிழாப் பூசைக்கு என் ஒயின்தான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

பூசைக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டது. உள்ளறையில் புட்டியைத் திறக்கப்போன பங்குச்சாமியார் கையை நிறுத்தினார்.

“திராட்சை மட்டுந்தானே? வேற எது சேந்தாலும் பூசைக்கு ஆகாது.”

மழைக்குப் பயந்து பழத்தை முன்னதாகவே பறித்ததில் இனிப்பு போதாமல், பிரெஞ்சுக்காரர்கள் செய்வதுபோலக் கொஞ்சம் சீனி சேர்த்திருந்தேன். கதவிடுக்கில், முதல் வரிசையில் அம்மா தெரிந்தாள்.

“சீனி போட்டிருக்கேன், சாமி.”

அவர் அலமாரியிலிருந்து வேறு புட்டியை எடுத்தார்.

பூசை முடிந்து நான் நடந்ததைச் சொன்னதும் அம்மா சீறினாள். “பேசாம இருந்திருந்தா யாருக்குலே தெரியும்?”

எனக்குத் தெரியுமே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டிராவிட்டால் நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன்.