பெருசின் வலது காது

ஒபடையா பர்கிஸ் கிழவனானது இருபத்திரண்டாவது வயதில். மேடைத் தரையிலிருந்த பொறிக்கதவு தெறித்து முகத்தில் அடித்து, முன்பற்கள் நான்கும் போயின. பல் போன வாய்க்குப் பாண்டலூன் என்னும் கிழவன் வேடம்தான் பொருந்தும் என்றார் மேலாளர். அன்று ஒட்டிய ஆட்டுத்தாடியை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒட்டி ஒட்டி, இப்போது ஒட்டாமலே கிழவன்தான்.

தேம்ஸுக்குத் தெற்கே, லாம்பெத்தில் இருந்தது அந்த நாடகக் கொட்டகை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் ஆட்டத்துக்கு லாம்பெத் முழுவதும் திரண்டு வரும். முதலில் ஒரு தேவதைக் கதை. அது முடியும்போது தேவதை கோலை அசைப்பாள். அரண்மனை மறைந்து கசாப்புக்கடையும் ரொட்டிக்கடையும் உள்ள தெரு வரும். கதையில் காதலித்தவர்கள் ஹார்லெக்வினும் கொலம்பைனுமாக மாறிவிடுவார்கள். அவன் வண்ணக் கட்டம் போட்ட சட்டையில் துள்ளுவான், அவள் சுழல்வாள், அவளுடைய அப்பன் பாண்டலூன் தள்ளாடிக்கொண்டே துரத்துவான். கூட வரும் கோமாளி தொத்திறைச்சி திருடுவான், போலீஸ்காரனைப் பீப்பாய்க்குள் அமுக்குவான், கை ஓய்ந்த நேரத்திலெல்லாம் கிழவனை அறைவான். ஹார்லெக்வினாட் என்றால் இவ்வளவுதான். யார் யாரை எதற்கு அடித்தார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அறைவதற்கு ஒரு முறை உண்டு. அடிப்பவன் கை கன்னத்தை ஒட்டிக் காற்றைத்தான் அறையும். அதே நொடியில் அடி வாங்குபவன், பார்ப்பவர் கண்ணில் படாமல், இடுப்புக்குக் கீழே தன் கைகளைத் தானே தட்டிவிட்டு விழ வேண்டும். சத்தம் வாங்குபவனுடையது. பர்கிஸ் தட்டினால் வேட்டுப் போட்டதுபோல் இருக்கும். அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

நெட் ட்ரிண்டர் கோமாளியாக வந்த பிறகு இந்த முறை கெட்டது. போன ஆண்டு ஒருநாள், போதையில் கை தவறி, நிஜ அறையே இடது காதோடு விழுந்தது. பர்கிஸின் முகம் வேடத்தை மறந்து, கசாப்புக்குக் கொண்டுவந்த கன்றைப்போல் விழித்தது. மலிவு டிக்கெட்காரர்கள் இருக்கும் மேல்மாடத்தில் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை எழுந்ததே இல்லை. மறுநாள் ட்ரிண்டரின் கை தவறவில்லை. வேண்டுமென்றே விட்டான். அதற்கு மறுநாளும்.

"ஏம்ப்பா நெட், காத்துல அடிச்சா பத்தாதா?"

"காத்துல அடிச்சா காத்துதான் சிரிக்கும், பெருசு. சனம் உம் மூஞ்சியப் பாத்துல்ல சிரிக்குது? பெருமைப்பட்டுக்க."

மேலாளரிடம் போனார். "சிரிப்பு வருதுல்ல? அப்புறம் என்னய்யா? தேவதை வேசம் வேணுமா உனக்கு?" என்றார் அவர்.

இடது காதில் சீழ் வைத்தது. பிறகு சீழும் நின்றது, சத்தமும் நின்றது. இது பர்கிஸுக்கும் அவர் மனைவி கெசையாவுக்கும் மட்டும் தெரியும். கெசையா அதே கொட்டகையின் மேல்மாடத்தில் ஆரஞ்சுப் பழம் விற்பவள். வலது காதும் போனால் வாத்தியக்காரர்களின் முரசு கேட்காது. முரசு கேட்காதவனுக்கு எந்த நொடியில் குதிப்பது, எந்த நொடியில் விழுவது என்று தெரியாது. மேடையை விட்டால் பர்கிஸுக்குப் போக்கிடமும் கிடையாது.

"அவன் மண்டைய ஒடைக்கத்தான் உனக்குத் துப்பில்ல. கோர்ட்டுக்காச்சும் போய்யா," என்றாள் கெசையா.

"கோர்ட்டுல நம்மள மதிப்பானுவளா?"

"பன்னிக்கால் திருடினவன் பேச்சையே நின்னு கேக்குறானுவ. உம் பேச்சக் கேக்க மாட்டானுவளா?"

அவர் கேட்கப் போனது பெரிய நியாயம் எதுவும் இல்லை. காற்றில் அடி என்று நீதிபதி ஒரு வார்த்தை ட்ரிண்டருக்குச் சொன்னால் போதும்.

நீதிபதிக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "தொழில்?"

"பாண்டலூனுங்க ஐயா."

பத்திரிகைக்காரர்கள் பென்சிலைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அதுல என்ன வேலை?"

"அடி வாங்கறதுங்க."

"அடி வாங்கறதுக்குச் சம்பளம் வாங்கிட்டு, அடிச்சிட்டான்னு வழக்கும் போடுறியா?"

நீதிமன்றம் குலுங்கியது. பர்கிஸ் பொறுத்திருந்து சொன்னார்: "எடது காது செத்துப்போச்சுங்க ஐயா. சோத்துக்கு இந்த வலது காது ஒண்ணுதான் மிச்சம்."

குற்றவாளிக் கூண்டில், தலையை வாரி, தேவாலயத்துக்குப் போகும் கோட்டோடு நின்ற ட்ரிண்டர் முதல்முறையாக நிமிர்ந்தான். பர்கிஸின் தலையை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் பார்த்தான்.

"எப்படி அடிச்சான்? காட்டுங்க, பாப்போம்," என்றார் நீதிபதி.

ட்ரிண்டர் பணிவாக இறங்கி வந்தான். கையை ஓங்கிக் காற்றில் வீசினான். அசையாமல் நிற்பதென்று பர்கிஸ் முடிவெடுத்திருந்தார். கைகள் அவரைக் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே படாரென்று வெடித்தன. கால்கள் மேலே பறக்க, முதுகு தரையில் பட, தொப்பி உருண்டோட, முப்பது வருஷமாக மேடையில் விழுந்ததுபோலவே விழுந்து முடித்தார்.

காவலர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படுத்த வாக்கில் அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, ஒரு கணம் பர்கிஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. விழுந்த விதம் அவ்வளவு சுத்தம். அந்த ஒரு கணத்தை எண்ணிப் பிறகு அவர் வெட்கப்பட்டதுபோல் வேறெதற்கும் வெட்கப்பட்டதில்லை. அதை யாரிடம் சொல்வது? சொன்னால் என்னவென்று சொல்வது?

"சத்தம் எங்கேருந்து வந்துச்சு?" கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் நீதிபதி.

"அவரு கையிலேருந்துதாங்க ஐயா. என் வெரலு அவரு மேல படவே இல்லீங்க," என்றான் ட்ரிண்டர். அது உண்மை.

"தன்னையே அடிச்சிக்கிட்டு ஊரைக் குத்தம் சொல்றியா? இது நீதிமன்றம். ஹார்லெக்வினாட் இல்ல. அதை மேடையில வெச்சுக்கங்க. வழக்கு தள்ளுபடி."

சாயங்காலப் பத்திரிகையில் அது வந்தது. நீதிபதி சொன்ன ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், 'சிரிப்பு' என்று போட்டிருந்தார்கள். அதற்குள் மேலாளர் தச்சனைக் கூப்பிட்டு ஒரு நீதிபதி மேடை அடிக்கச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த சணலில் நீதிபதிக்கு ஒரு பொய்முடியும் தயார். அன்றிரவு கொட்டகையில் நிற்க இடமில்லை. மேல்மாடம் காலால் தரையை உதைத்துக்கொண்டு கத்தியது: "காட்டு பெருசு, காட்டு! நீதிபதிக்குக் காட்டினத எங்களுக்கும் காட்டு!"

எப்போதும் இடது பக்கம் நிற்கும் ட்ரிண்டர் அன்று சுற்றி வலப்பக்கம் வந்தான். வெள்ளைச் சாயம் பூசிய வாயைக் காதருகே கொண்டுவந்தான்.

"இந்த வருசம் உம் மூஞ்சில ஒண்ணுமே வரலியேன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டேன். செத்த காதுல, செவுத்தையா அடிச்சிட்டிருந்திருக்கேன்? மொதல்லயே சொல்லிருக்கலாமில்ல, பெருசு?"

பர்கிஸ் நகரலாம். திரைக்குப் பின்னால் ஓடலாம். அப்படி ஓடினால் அதுவும் ஆட்டமாகத்தான் இருக்கும். ட்ரிண்டர் துரத்துவான், ஊர் சிரிக்கும். அண்ணாந்து மேல்மாடத்தைப் பார்த்தார். விளிம்பில், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கெசையா நின்றாள்.

கை வந்தது. தேவையே இல்லாவிட்டாலும் அவர் கைகள் கீழே தட்டின. அந்தத் தட்டலைத்தான் அவர் கடைசியாகக் கேட்டார்.

பிறகு வாய்கள் மட்டும். மேல்மாடம் முழுக்க, கீழ்த்தளம் முழுக்க, வரிசை வரிசையாகத் திறந்த வாய்கள். கெசையாவின் வாயும் திறந்திருந்தது.

வீட்டில் அவள் வேதப்புத்தகத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, கத்தினேன், பயந்து கத்தினேன் என்று சத்தியம் செய்தாள். திரும்பத் திரும்பச் செய்தாள். அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த பர்கிஸ், அவள் நிறுத்தியதும், மறுபடியும் கேட்டார்:

"நீயும் சிரிச்சியா?"