அமலி டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை

செய்தி எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ‘இன்று பள்ளி விடுமுறை’ என்பது முதல் வரி. அதைப் படித்ததும் அப்பாடா என்றிருந்தது. முதுகுவலியோடு அன்று வேலைக்குக் கிளம்ப மனமே இல்லை. அடுத்த வரியில்தான் காரணம் இருந்தது. அமலி டீச்சர் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். அந்த அப்பாடாவை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

அவரோடு பழகி, இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கு எங்கள் பள்ளியைத் தெரியும். செம்பட்டி சாலையில், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளி. பல் தேய்ப்பது, பொத்தான் போடுவது, தானாகச் சாப்பிடுவது, இவைதான் இங்கே பாடம், இவற்றுக்குத்தான் மார்க். நாங்களெல்லாம் பிள்ளை வகுப்பில் செய்வதைப் பார்த்து மார்க் போடுவோம். அமலி டீச்சர் மட்டும், வீட்டில் செய்தால்தான் போடுவேன் என்பார். அதற்காக வீடு வீடாக ஏறி இறங்குவார். அதனால் ஒவ்வொரு வருடமும் அவர் வகுப்புதான் கடைசி. ஆய்வுக்கு வருகிற அதிகாரி எங்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் திட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு முறை, சிறுமலையிலிருந்து வருகிற பிள்ளைக்கு ‘தனியாகப் பேருந்தில் ஏறி இறங்குதல்’ என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். அதிகாரி ஏன் என்று கேட்டார்.

“எங்க பிள்ளைங்க எந்த ஊர்லருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க சார், பெறகு மார்க்கப் பாக்கலாம். அவன் ஊருக்கு பஸ்ஸு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ஏறத் தெரியலைன்னு நான் எப்படி எழுத?”

அதிகாரி சிரிக்கவில்லை. அவர் போன பிறகு தலைமையாசிரியரே அந்தக் கட்டத்தை நிரப்பினார்.

பர்வீன் விஷயம் அப்படி லேசில் முடியவில்லை. பர்வீன் வளர்ந்த பெண். பள்ளியில் மெதுவாக, ஆனால் சிந்தாமல் தானே சாப்பிடுவாள். நானாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். அமலி டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனார். அங்கே அவளுடைய அம்மா ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் பர்வீனுக்குச் சைபர். தலைமையாசிரியர் கெஞ்சியே பார்த்துவிட்டார்.

“இங்க சாப்பிட்டா அது நமக்கு மார்க்கு சார். வீட்டுல சாப்பிட்டாத்தான் அவளுக்கு மார்க்கு” என்றார் அமலி டீச்சர்.

அந்த அம்மா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று நான் சொன்னேன். அதற்கு அமலி டீச்சரிடம் எனக்கு நன்றாகக் கிடைத்தது. பர்வீனின் அத்தா இல்லை. அம்மாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பர்வீன் தானே சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தால் அன்றைய வேலை போய்விடும். நம் பிள்ளைகளின் வீடு பாதிக்கு மேல் இப்படித்தான், எந்த அம்மாவுக்கு ஆற அமர உட்கார நேரம் இருக்கிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா தன்னிடம் கேட்ட ஒரு கேள்வியைப் பிறகுதான் சொன்னார். “நான் மௌத்தாயிட்டா இவளுக்கு யாரு டீச்சர் ஊட்டுவா?”

வாரத்தில் ஒரு வேளை போதும், ஞாயிறு மத்தியானம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். பெற்றவர் கை நிற்குமா? அதனால் அமலி டீச்சரே ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அங்கே போய், பர்வீனுக்கு எதிரில் தன் தட்டை வைத்து, அவள் முடிக்கும் வரை தானும் சாப்பிட்டார். பிரியாணிக்காகத்தான் போகிறீர்கள் என்று கேலி செய்வேன். “ரசஞ்சோறுதான் சாந்தி. அதுவும் ஆறிப் போயிரும்” என்பார். போன வருடம் ஒருவழியாக அந்தக் கட்டத்தில் முழு மார்க் போட்டார். அன்று எங்கள் எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் போனபின் புதிதாக யாரையும் போடவில்லை. என் வகுப்போடு அவர் வகுப்பும் என் தலையில்தான். ஆய்வு நெருங்கிவிட்டது, போன வருட மார்க்கையே எழுதிவிடுங்கள் என்றார் தலைமையாசிரியர். எழுதியிருக்கலாம். உடம்பில் தெம்பில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஊறவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஒரு ஞாயிறு பர்வீன் வீட்டுக்குப் போனேன்.

“டீச்சர் போனதுலருந்து சோத்துல கை வைக்க மாட்டேங்குறா. தட்ட வச்சா எதுத்தாப்புல பாத்துக்கிட்டே இருக்கா. நானேதான் ஊட்டிர்றேன்” என்றார் அவள் அம்மா.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே டீச்சர் என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு இன்னொரு தட்டு கேட்டு வாங்கி எதிரில் உட்கார்ந்தேன். பர்வீன் என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அம்மாவின் கை தட்டுப் பக்கம் போனது.

“கையக் கட்டிக்கிட்டு உக்காருங்கக்கா” என்றேன்.

அன்று அவள் சாப்பிடவே இல்லை. ரசம் ஆறிப் போனது. வீட்டுக்குத் திரும்பி அந்தக் கட்டத்தில் சைபர் போட்டேன். அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பார்.

உங்களில் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது அவருடைய ஞாயிறு மத்தியானம். எனக்கென்று இருந்த ஒரே ஓய்வு நாளும் அதுதான். ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் பர்வீன் சோற்றில் கை வைத்துப் பிசைந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இந்த வாரமும் போக வேண்டும்.